எச்சிலை அளக்க வருகிறவர் டார்கெட்டையும் அளக்கட்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர் வட்டாரத்து ஷூ கம்பெனிகளில் வேலை செய்யும் அக்காக்களுக்கும் தங்கைகளுக்கும்,



கம்பெனியில் அவ்வப்போது மருத்துவ முகாம் நடக்கிறது. பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், ரத்தசோகை இருக்கிறதா என்று விரல் நுனியில் ஒரு சொட்டு எடுக்கிறார்கள். இன்றோ நாளையோ அந்த மேஜையில் இன்னொரு சின்னக் கருவியும் வந்து உட்காரும். நாக்குக்கு அடியில் ஒரு பட்டையை வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். சற்று நேரத்தில் ஓர் எண் வரும். உங்களுக்கு எவ்வளவு ஸ்ட்ரெஸ் என்று எச்சிலே சொல்லிவிடும் என்பார்கள். அந்தக் கருவி வருவதற்கு முன்பே இதை எழுதிவிட நினைத்தேன். வந்த பிறகு எழுதினால், வரிசையில் நின்று வாயைத் திறந்த பிறகுதான் படிப்பீர்கள்.

நான் வேலூரில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரத்தம், சிறுநீர், எச்சில் என்று மனித உடம்பிலிருந்து வருவதை அளந்தே சம்பளம் வாங்கினேன். எச்சில் சோதனைக்கு நான் எதிரி இல்லை. ஊசி குத்த வேண்டாம், நர்ஸ் வேண்டாம், வீட்டிலிருந்தே நீங்களே எடுத்துவரலாம். ஆனால் அந்த எண் எதைப் பற்றிப் பேசும், எதைப் பற்றிப் பேசாது என்பது தெரியாமல் அதைக் கொடுக்கக் கூடாது. நான் சொல்ல வருவது இதுதான்: எச்சிலில் கிடைக்கும் எண் ஒருத்தியைப் பற்றிச் சொல்வது கொஞ்சம், அவள் வேலை செய்யும் லைனைப் பற்றிச் சொல்வதுதான் அதிகம். அதனால் அதை லைனின் கணக்கில் எழுதச் சொல்லுங்கள், உங்கள் பெயரில் எழுத விடாதீர்கள்.

முதலில் அந்தப் பட்டை எதைத் தேடுகிறது என்று பார்ப்போம்.

அழுத்தம் மனத்தோடு நின்றுவிடுவதில்லை, உடம்பையே மாற்றுகிறது என்று 1936-இல் ஹான்ஸ் செல்யே எழுதினார். கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் எலிகளை வைத்து அவர் ஆய்வு செய்தார். குளிர், காயம், அளவு மீறிய உழைப்பு, நஞ்சு என்று எதைக் கொடுத்தாலும் எலியின் உடம்பு ஏறத்தாழ ஒரே விதமாக மாறியது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி பெருத்தது, வயிற்றில் புண் வந்தது. அதன் பிறகு வந்த ஆராய்ச்சி, அழுத்தம் உடம்புக்குள் இறங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு என்று பிரித்துக் காட்டியது.

ஒன்று வேகமான வழி. சூப்பர்வைசர் பின்னால் வந்து நின்றதும் நெஞ்சு படபடக்கிறது இல்லையா, அது நரம்பு வழி. அதே நரம்புகள் எச்சில் சுரப்பிகளுக்கும் போகின்றன. அதனால் எச்சிலில் அமைலேஸ் என்ற நொதி சில நிமிடங்களிலேயே கூடுகிறது. சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிப்பதற்கும் அதுதான் காரணம். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அதன் அன்றாட வேலை. ஜப்பானின் நிப்ரோ நிறுவனம் இந்த அமைலேஸை அளக்கக் கையடக்கக் கருவி ஒன்றை விற்றது. பட்டையை அரை நிமிடம் நாக்கடியில் வைத்துக் கருவியில் செருகினால் போதும், ஒரு நிமிடத்துக்குள் எண் வந்துவிடும்.

இன்னொன்று மெதுவான வழி. மூளையிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்கும், அங்கிருந்து அட்ரினலுக்கும் ஆணை போய், கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலக்கிறது. அதில் பெரும்பங்கு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். ஒட்டாமல் திரியும் சிறு பங்குதான் உடம்பில் வேலை செய்யும், அதுதான் எச்சிலிலும் கசியும். எச்சில் கார்டிசாலை மருத்துவம் மதிப்பது இதனால்தான். அட்ரினல் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோய் இருக்கிறதா என்று பார்க்க இரவு படுக்கும் நேரத்து எச்சிலை எடுப்பது ஆஸ்பத்திரிகளில் வழக்கமான சோதனை. ஆனால் ஒரு மில்லி எச்சிலில் இருப்பது சில நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு. அதை முகாம் மேஜையில் அளப்பது அமைலேஸை அளப்பதைவிடக் கடினம். இருந்தும் கர்ப்பம் பார்க்கும் பட்டை மாதிரியே கார்டிசாலுக்கும் பட்டைகள் வந்துவிட்டன. 2015-இல் இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் செல்போன் கேமராவாலேயே அதைப் படிக்கும் முறையை வெளியிட்டார்கள். ஒரு வித்தியாசம் மட்டும் நினைவிருக்கட்டும். கர்ப்பப் பட்டையில் ஹார்மோன் இருந்தால் கோடு தோன்றும். கார்டிசால் பட்டைகள் பலவற்றில் ஹார்மோன் கூடக் கூடக் கோடு மங்கும். பக்கத்தில் நின்று எட்டிப் பார்க்கிறவர் தலைகீழாகப் புரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

இனி இந்த எண்ணை எதெல்லாம் ஆட்டி வைக்கும் என்று பாருங்கள். உங்கள் ஒரு நாளை எடுத்துக்கொண்டாலே விளங்கிவிடும்.

கார்டிசால் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. தூங்கி எழுந்ததும் ஏறத் தொடங்கி, அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் உச்சம் தொடும். பிறகு மெல்ல இறங்கி நள்ளிரவில் அடிமட்டத்துக்குப் போகும். அலாரம் வைத்து நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் பிடித்து, சோறு குழம்பு வைத்து, பிள்ளைக்கு டிபன் கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கிறீர்கள். எட்டு மணிக்கு கேட்டில் எடுக்கும் எச்சில் உங்களுக்கு எழுந்து நாலு மணி நேரம் கழித்து எடுத்தது. பக்கத்து மெஷினில் இருக்கும் கல்யாணமாகாத பெண் ஆறரைக்கு எழுந்திருப்பாள். அவளுக்கு அது எழுந்து ஒன்றரை மணி நேரத்து எச்சில். இரண்டு எண்ணையும் அருகருகே வைத்து, உனக்கு அதிகம் அவளுக்குக் குறைவு என்று சொல்ல முடியாது. நோயாளி எத்தனை மணிக்கு எழுந்தார் என்று எழுதாத தாளைப் பரிசோதனைக்கூடத்தில் நாங்கள் திருப்பி அனுப்புவோம்.

அடுத்து வாய். பதினொரு மணி டீ, பிஸ்கட், வெற்றிலைப் பாக்கு, புகையிலை, ஈறில் கசியும் ரத்தம் என்று எல்லாமே எண்ணை மாற்றும். ரம்ஜான் மாதத்தில் நோன்பு வைப்பவர்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் நேரம் மாறுகின்றன, அவற்றோடு கார்டிசாலின் தாளமும் மாறுகிறது. கர்ப்பத்தின் பிற்பகுதியில் கார்டிசால் இயல்பாகவே கூடும். கருத்தடை மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டுவலிக்கு வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரை, முகம் வெளுக்கும் என்று சொல்லிக் கடையில் கொடுக்கும் ஸ்டீராய்டு கிரீம் எல்லாமே கணக்கைக் கலைக்கக்கூடியவை.

அமைலேஸ் கதை இன்னும் விசித்திரம். அந்த நொதியை உண்டாக்கும் மரபணு சிலருக்கு இரண்டு மூன்று பிரதிகள்தான் இருக்கும், சிலருக்குப் பத்துக்கு மேலேகூட இருக்கும். சோறு, கிழங்கு போன்ற மாவுச்சத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்த மக்களிடம் பிரதிகள் சராசரியாக அதிகம் என்று 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கே எண் பல மடங்கு வேறுபடும் என்று இதற்கு அர்த்தம். வேறொரு நாட்டில் குறித்த ‘சாதாரண அளவு’ என்ற கோட்டை அப்படியே கொண்டுவந்து உங்கள் மேல் வைத்தால், பாட்டி தாத்தா சாப்பிட்ட சோற்றுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. புதிதாக வந்த அழுத்தத்தில் கார்டிசால் ஏறும். அதே அழுத்தம் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நீண்டால் பலருக்கு அது இறங்கிவிடும். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2007-இல் மில்லர், சென், சோ மூவரும் எழுதிய கட்டுரையின் சாரம் இது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமான பெண்ணுக்கு எண் அதிகமாகவும், பதினைந்து வருடமாக ஷூ அப்பர் தைத்துத் தைத்து ஓய்ந்துபோன அக்காவுக்குக் குறைவாகவும் வரலாம். குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு, இவருக்கு எந்தக் கஷ்டமும் இல்லை, இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம் என்று யாராவது முடிவு செய்தால் அதைவிட அநியாயம் இல்லை.

அப்படியானால் இந்தச் சோதனையே வீணா என்று கேட்பீர்கள். இல்லை. ஒருத்தியின் ஒரு நாள் எண் தடுமாறும். ஆனால் பல பேரின் பல நாள் எண்களைச் சேர்த்து, அதே ஆட்களை வேலை நாளிலும் விடுமுறை நாளிலும் ஒப்பிட்டால், மேலே சொன்ன தொந்தரவுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய், வேலை செய்யும் இடத்தின் சாயல் தெரியத் தொடங்கும். உலகத்தில் இது நடந்திருக்கிறது.

1970-களில் ஸ்வீடனில் மரியானே பிராங்கன்ஹவுசர் என்ற உளவியலாளர், பெர்டில் கார்டெல் என்பவரோடு சேர்ந்து மர அறுவை ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தார். அவர்கள் அளந்தது எச்சிலை அல்ல, சிறுநீரில் வரும் அட்ரினலினை. சில வேலைகளில் இயந்திரம் வேகத்தை நிர்ணயித்தது. சில நொடிகளுக்கு ஒரு தரம் பலகையைப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும், கையை எடுக்க முடியாது, ஒருவர் தாமதித்தால் மற்றவர்களின் பீஸ் ரேட் கூலி குறையும். உங்கள் கன்வேயரை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வேலையில் இருந்தவர்களுக்கு ஷிப்ட் முடியும் நேரம் நெருங்க நெருங்க அட்ரினலின் ஏறிக்கொண்டே போனது. அதே ஆலையில் தன் வேகத்தில் வேலை செய்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. ஆள் பலவீனமா என்ற கேள்வியே அங்கே எழவில்லை, வேலையின் அமைப்புதான் கேள்விக்குள்ளானது. 1977-இல் ஸ்வீடன் நிறைவேற்றிய பணிச்சூழல் சட்டம், வேலையை மனிதர்களின் உடல், மன நிலைக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்று எழுதி வைத்தது.

அதே பிராங்கன்ஹவுசர் பிறகு வோல்வோ கார் நிறுவனத்தில் ஆண், பெண் மேலாளர்களை ஒப்பிட்டார். பகலில் இரு தரப்பும் ஒன்றுபோலத்தான் இருந்தார்கள். வேலை முடிந்ததும் ஆண்களுக்கு அழுத்த ஹார்மோன்கள் இறங்கின. பெண்களுக்கு இறங்கவில்லை, வீடு திரும்பிய பிறகு சில ஏறவும் செய்தன. வீட்டில் அவர்களுக்காக இரண்டாவது ஷிப்ட் காத்திருந்தது. லண்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஒயிட்ஹால் ஆய்வில் எச்சிலையே எடுத்தார்கள். 2004-இல் வந்த முடிவின்படி, எழுந்ததும் ஏறும் கார்டிசால் விடுமுறை நாளைவிட வேலை நாளில் அதிகமாக ஏறியது, அதிலும் பெண்களுக்கு வித்தியாசம் கூடுதல். வேலை தொடங்குவதற்கு முன், கண் விழித்த கணத்திலேயே உடம்பு அன்றைய நாளுக்குத் தயாராகிறது. ஞாயிற்றுக்கிழமையும் ஓடி (ஓவர்டைம்) என்று கூப்பிட்டால் இந்த ஒப்பீட்டுக்கே நாள் கிடைக்காது.

ஆனால் உடம்பின் அளவுகள் மட்டும் முழுக் கதையையும் சொல்லிவிடாது. அதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு 2013-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலானவர்கள் செய்தது. அறுவடைக்கு முன் கையில் பணமில்லாத காலத்திலும், அறுவடைக்குப் பின் பணம் வந்த காலத்திலும் அதே விவசாயிகளுக்கு அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். பணம் வந்த பிறகு அதே ஆள் இன்னும் நன்றாகச் செய்தார். இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்ததில் அறுவடைக்கு முன் அழுத்தம் கூடுதலாக இருந்தது உண்மைதான். ஆனால் அந்த அளவுகளைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. உடம்பில் தெரியும் அழுத்தத்துக்கு அப்பாலும் பணக் கவலை மூளையைத் தின்கிறது. கென்யாவில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனையில்லாமல் பணம் கொடுத்து எச்சிலில் கார்டிசாலை அளந்தார்கள். 2016-இல் வந்த முடிவு: மக்களின் மனநலம் மேம்பட்டது, ஆனால் மொத்தமாகப் பார்த்தால் கார்டிசால் மாறவில்லை. வாய்விட்டுச் சொன்னதை எச்சில் சொல்லவில்லை. எச்சிலை மட்டும் நம்பியிருந்தால் அந்தப் பணம் வீண் என்று எழுதியிருப்பார்கள். உங்களைக் கேட்காமல் உங்கள் எச்சிலை மட்டும் கேட்பவரை நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வார்களோ என்ற பயத்துக்கு இப்போது வருகிறேன். பயப்படக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் ஆடைத் தொழிற்சாலைகளில் மாதவிடாய் வலிக்கு, பெயர்கூட அச்சிடாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையில் உட்கார வைத்தார்கள் என்று 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை செய்தி வெளியிட்டது. ஏறத்தாழ நூறு பெண்களிடம் பேசி எழுதிய செய்தி அது. வலிக்குக் காரணம் என்ன, இடைவேளை போதுமா, கழிவறைக்குப் போக விடுகிறார்களா என்ற கேள்விகளை ஒரு மாத்திரை மூடி வைத்தது. எச்சில் எண்ணும் அதே வேலையைச் செய்துவிடலாம். உங்களுக்கு ஸ்ட்ரெஸ் அதிகம், யோகா வகுப்புக்கு வாருங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்பார்கள். யோகாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மணிக்கு இத்தனை ஜோடி என்று போர்டில் எழுதியிருக்கும் எண் குறையாமல் உங்கள் மூச்சை மட்டும் நிதானப்படுத்தச் சொல்வது வைத்தியம் ஆகாது.

இன்னொரு பயமும் உண்டு. அந்த எச்சிலில் கார்டிசால் மட்டும் இல்லை. டிஎன்ஏ இருக்கிறது, புகையிலை போட்டால் அதன் தடயம் இருக்கிறது, கர்ப்பகால ஹார்மோன்கள் இருக்கின்றன, எச்ஐவி எதிர்ப்பொருளைக்கூட வாயிலிருந்து எடுத்துப் பார்க்க முடியும். ஸ்ட்ரெஸ் பார்க்கிறோம் என்று வாங்கிய எச்சிலை வேறு எதற்கும் தொட மாட்டோம் என்ற உறுதி எழுத்தில் வேண்டும். சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தாலும், சம்மதமில்லாமல் உண்மை கண்டறியும் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று 2010 மே 5-இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் உடம்புக்கே அந்த மரியாதை உண்டென்றால், ஷூ தைக்க வந்தவருக்கு அதைவிடக் குறைவாக இருக்க முடியாது. ஆனால் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு, ஊழியரின் சம்மதம் கேட்காமலே முதலாளி தரவைக் கையாள அதன் 7-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அதனால் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருந்துவிட முடியாது. நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். யூனியன் இருந்தால் யூனியன் வழியாகவும், இல்லாவிட்டால் ஒர்க்ஸ் கமிட்டி, பாதுகாப்புக் கமிட்டி வழியாகவும் கேளுங்கள்.

1. சம்மதத் தாள் தமிழிலும் உருதுவிலும் வேண்டும். படித்துப் பார்க்கக் குறைந்தது ஒரு நாள் வேண்டும். மறுத்தால் ஷிப்ட் மாற்றமோ, ஓடி வெட்டோ, முறைப்போ கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மேலதிகாரிக்குக் கீழ் வேலை செய்பவர்களைத் தனிப் பாதுகாப்பு தேவைப்படும் பிரிவாகவே பார்க்கின்றன. சூப்பர்வைசரே பெயர் வாசித்துக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

2. எண் கம்பெனி கைக்குப் போகக் கூடாது. வெளியே இருக்கும் ஆஸ்பத்திரியோ கல்லூரியோ குறியீட்டு எண்ணில் வைத்திருக்கட்டும். கம்பெனிக்குப் போக வேண்டியது கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்டிங், பேக்கிங் என்று பகுதிவாரிச் சராசரி மட்டுமே. ஆளைக் கண்டுபிடித்துவிடும் அளவுக்குச் சின்னக் குழுவாக இருந்தால் அந்தச் சராசரியும் வேண்டாம்.

3. ஒரு நாள் முகாமில் ஒரே ஒரு தடவை எடுப்பது வேண்டாம். எழுந்ததும், அரை மணி கழித்தும், மதியமும், படுக்கும் முன்பும் என்று எடுக்க வேண்டும். வேலை நாட்களோடு விடுமுறை நாளும் சேர வேண்டும். சீசன் நெருக்கடியில் ஒரு முறை, ஆர்டர் குறைந்த காலத்தில் ஒரு முறை பார்க்க வேண்டும். எழுந்த நேரம், சாப்பிட்ட நேரம், மாத்திரை எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே குறிக்க வேண்டும்.

4. எச்சில் எடுக்கும் அதே வாரத்தில் வேலையையும் அளக்க வேண்டும். மணிக்கு எத்தனை ஜோடி, ரிஜெக்ட் ஆனதைத் திருப்பித் தைக்க எத்தனை நேரம், ஓடி எத்தனை மணி, கழிவறைக்குப் போய்வர எத்தனை நிமிடம் கிடைக்கிறது, மெஷின் பக்கத்தில் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு, பசை வாடை எவ்வளவு, யார் எப்படித் திட்டுகிறார்கள் என்று எல்லாமும். மே மாதத்து வேலூர் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே எடுத்த எச்சிலுக்குப் பக்கத்தில் வெப்பமானி எண் எழுதாவிட்டால் அந்தத் தாள் பாதித் தாள்தான்.

5. சோதனை முடிந்ததும் மீதி எச்சிலை அழித்துவிட வேண்டும், அழித்ததற்குச் சான்று வேண்டும். முடிவு முதலில் உங்களுக்குச் சொல்லப்பட வேண்டும், உங்களுக்குப் புரியும் பேச்சில்.

6. இதுதான் முக்கியம். ஒரு பகுதியின் எண் மோசமாக வந்தால் என்ன மாறும் என்பதை அளப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டார்கெட் குறையுமா, கூடுதல் ஆள் போடுவார்களா, மதியத்துக்குப் பிறகு பத்து நிமிட இடைவேளை வருமா, மின்விசிறி வருமா? மாற்ற எதுவும் இல்லையென்றால் அளக்கவும் எதுவும் இல்லை.

இதெல்லாம் நடக்காத ஆசை என்று நினைக்க வேண்டாம். பெங்களூரில் ஆடைத் தொழிற்சாலைகளில் பழைய பல்புகளை மாற்றி எல்இடி போட்டபோது தளத்தின் சூடு குறைந்தது, வெயில் நாட்களில் உற்பத்தி கூடியது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். முதலாளிக்கும் லாபம் தந்த மாற்றம் அது. திண்டுக்கல்லில் 2022-இல் ஒரு பெண் தொழிலாளர் சங்கம் ஆடை நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, பெண் தொழிலாளர்களே தளத்தில் துன்புறுத்தலைக் கவனித்துப் புகார் செய்யும் பொறுப்பை ஏற்றார்கள். 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் 2023 ஏப்ரல் 21-இல் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த பத்து நாளுக்குள் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அந்த நாலு மணி நேரக் கூடுதலின் சுமை என்ன என்று சொல்ல அன்றைக்கு யாருக்கும் எச்சில் பட்டை தேவைப்படவில்லை.

நம் ஊருக்கு இதில் தனி உரிமையே இருக்கிறது. தோல் ஷாப்புக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டபோது வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-இல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஆக்கியது. இன்று நாடெங்கும் வழக்கறிஞர்கள் சொல்லும் அந்தக் கொள்கைக்கு நம் மாவட்டத்தின் பெயர்தான் முகவரி. அதையொட்டி அமைந்த ஆணையம் 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டவர்களைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு இழப்பீடு நிர்ணயித்தது. முழுதும் தீராத அந்த விவகாரத்தில் 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வளவு காலம் இழுத்தது வேதனைதான். ஆனாலும் அந்த வழக்கு கற்றுத்தந்த முறை தெளிவானது. கிணற்றுத் தண்ணீரை மட்டும் அளந்து, உன் கிணறு சரியில்லை, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று விவசாயியிடம் சொல்லிவிட்டுப் போகவில்லை. கழிவு வெளியே வரும் குழாய் வாயையும் அளந்தார்கள், பொறுப்பைக் குழாய்க்காரர் மேல் வைத்தார்கள். உங்கள் எச்சில் கிணற்றுத் தண்ணீர். டார்கெட் போர்டு, ஓடி ரிஜிஸ்டர், வெளிநாட்டு பையர் குறைத்துக் கேட்கும் விலை, கடைசி நேரத்தில் அனுப்பும் ஆர்டர் இவையெல்லாம் குழாய் வாய். விலையையும் தேதியையும் முடிவு செய்கிறவர் ஆடிட் என்ற பெயரில் உங்களிடம் எச்சில் கேட்டால், தன் பர்ச்சேஸ் ஆர்டரையும் மேஜையில் வைக்கட்டும்.

வீட்டில் உட்கார்ந்து கையால் ஷூ அப்பர் தைக்கும் பெண்களையும் இந்த இடத்தில் மறக்க முடியவில்லை. அவர்கள் பெயர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, முகாமும் இல்லை. ஏஜென்ட் கொண்டுவரும் மூட்டையும் ஜோடிக் கணக்குக் கூலியும்தான் உண்டு. கருவி அவர்கள் வீட்டு வாசலுக்கு வராது. அளக்காததால் அவர்களுக்கு அழுத்தம் இல்லை என்று ஆகிவிடாது. கம்பெனி லைனுக்கு நீங்கள் கேட்டு வாங்கும் மாற்றங்கள் அவர்களுடைய கூலிக்கும் எட்டும்படி கேளுங்கள். இல்லாவிட்டால் லைனில் குறைத்த டார்கெட் அவர்கள் வீட்டு மூட்டையில் போய் ஏறிக்கொள்ளும்.

முகாம் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது இவ்வளவும் நினைவுக்கு வராது. ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “எண் மோசமாக வந்தால் மாற வேண்டியது யார்?” நீங்கள்தான் என்று பதில் வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு உங்கள் மெஷினுக்குத் திரும்பிவிடுங்கள். லைன் மாறும் என்று கையெழுத்தோடு பதில் வந்தால் தாராளமாக வாயைத் திறங்கள். அந்தக் கேள்வியைத் தனியாகக் கேட்க வேண்டாம், லைன் மொத்தமும் சேர்ந்து கேளுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து உங்களில் ஒருத்தி